சிலுவையம்மாளின் மன்றாட்டு

வெள்ளிக்கிழமையானால் காசிமேட்டில் மீன் வெட்டும் பெண்களுக்கு வேலை இருக்காது. ஊரில் பாதிப் பேர் அன்றைக்குக் கவிச்சி தொடமாட்டார்கள். அருவாமணையைத் தூக்கி ஓரமாகச் சாய்த்துவிட்டு, வெற்றிலை மென்றுகொண்டு, ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சிலுவையம்மாள் மட்டும் அன்றைக்கு உட்காருவதே இல்லை. எலுமிச்சம்பழத் தோலால் இரண்டு கைகளையும் முழங்கை வரை தேய்த்துக் கழுவுவாள். பழைய துண்டு, பெரிய நகவெட்டி, பொட்டலமாய்க் கல்லுப்பு, எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ராயபுரம் ஸ்டேஷனைப் பார்த்து நடப்பாள்.

"இன்னாக்கா, இன்னிக்கும் கால் புடிக்கத்தான் போறியா?" என்பாள் பக்கத்தில் கடை போடும் தாயம்மா. "உன் வூட்டுக்காரன் கால ஒரு நாளாச்சும் புடிச்சிருப்பியா நீ?"

"அந்தாளு காலு ஒரு எடத்துல நின்னாத்தானே புடிக்கறதுக்கு."

தாயம்மா சிரிப்பாள். அவளுக்கு மாரியாத்தா போதும். ஆனாலும் சில வெள்ளிக்கிழமைகளில் விற்காமல் போன வாழைப்பழத்தையோ ஒரு பாக்கெட் ரொட்டியையோ வாங்கி மஞ்சள் பைக்குள் திணித்துவிடுவாள். "உங்க சாமி கணக்குல எழுதிக்க சொல்லு" என்பாள்.

மின்சார ரயில் திருவொற்றியூர், எண்ணூர் கடந்து, அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டுகளைத் தாண்டி வடக்கே போகும். இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம். வரிசை வரிசையாய் ஒற்றை அறை வீடுகள். சுவர் முதுகை ஒட்டிச் சுவர். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம். முப்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருப்பவர்கள் உண்டு. அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, இன்னும் அகதி என்றே பதிவில் இருப்பவர்களும் உண்டு.

சிலுவையம்மாள் முதன்முதலில் அங்கே போனது ஒரு தவக்காலத்தில். பங்குக் கோயிலில் சிஸ்டர் ஒருவர் பெண்களைத் திரட்டி, பிடியரிசி சேர்த்து, பழைய துணி சேர்த்து, வேனில் கூட்டிப்போனார். மற்றவர்கள் அரிசி கொடுத்தார்கள், பாட்டுப் பாடினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சிலுவையம்மாளின் கண் ஒரு வாசலில் கட்டிலில் கிடந்த மனிதரின் காலில் விழுந்தது. கட்டைவிரல் நகம் வளைந்து சதைக்குள் இறங்கியிருந்தது. அவள் யாரையும் கேட்கவில்லை. அந்த வீட்டுப் பெண்ணிடம் வெந்நீர் வாங்கி, உப்புப் போட்டு, காலை ஊறவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா மீன் வெட்டுறவவாம்" என்று யாரோ சொன்னது கட்டிலில் கிடந்தவர் காதில் விழுந்துவிட்டது. அவருக்குப் பக்கவாதம். பேச்சு போய்விட்டது. காலை மட்டும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"பயப்படாதண்ணே, துண்டு போடமாட்டேன்" என்றாள். வரிசையே சிரித்தது.

தவக்காலம் முடிந்தது. உயிர்ப்புப் பெருவிழாவோடு வேனும் நின்றுபோனது. சிலுவையம்மாள் நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை எப்படியும் சும்மா இருக்கும் நாள்தானே என்று தொடங்கியது, பிறகு அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் உட்கார்ந்து வெட்டுகிறோமோ என்று அவளுக்கே தோன்றும்படி ஆகிவிட்டது. கோயிலில் முழங்காலில் நிற்கும்போது அவள் மனம் மார்க்கெட்டுக்கும் வீட்டுக்கும் ஓடும். முகாமில், ஏதோ ஒரு கிழவரின் குதிகால் தன் மடியில் இருக்கும்போது மட்டும் எங்கேயும் ஓடாது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தெரியாது என்பதும் உண்மை.

அந்தக் கட்டில்காரர் பெயர் கனகரத்தினம். மனைவி தவமலர். மகன் நிரோஷன். தவமலரை அவள் "மலரு" என்பாள். தவமலர் அவளை "அக்கா" என்பாள். மலர் வீட்டில் வெறும் தேநீரும் கருப்பட்டித் துண்டும் கிடைக்கும். மகன் நிரோஷன் பி.காம். முடித்துவிட்டு மணலியிலும் எர்ணாவூரிலும் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். வேலைக்குப் போகும் இடத்தில் மச்சி, மாமு என்று மெட்ராஸ் பாஷையில் வெளுத்துக்கட்டுவான். முகாம் வாசலுக்குள் கால் வைத்ததும் நாக்கு தானாகத் திரும்பிவிடும்.

"ஆன்ட்டி, நான் உங்களமாரியே பேசறேன்ல? அப்பறம் இன்னாத்துக்கு எனக்கு ஒரு பாஸ்போர்ட்டு தரமாட்றாங்கோ?" என்று ஒருநாள் கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான். 

ஆடி பிறந்த சமயம் ஒரு வெள்ளிக்கிழமை, கனகரத்தினத்தின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தவமலர் அவளைத் தொட்டு உள்ளே வரச் சொன்னாள். உள்ளே என்றால் அடுப்பு இருக்கும் மூலை. மிக்ஸியை ஓடவிட்டாள். அதில் அரைக்க எதுவும் இல்லை என்பதைச் சிலுவையம்மாள் பிறகுதான் கவனித்தாள்.

"அக்கா, தம்பி வெளிக்கிடப் போறான்."

"எங்க?"

"போட்டில. கன பேர் போகினமாம். ஏஜென்ட் ஒருத்தன் பிடிச்சிருக்கிறான். கனடாவோ ஆஸ்திரேலியாவோ, எனக்கு வடிவா விளங்கேல்ல." அவள் குரல் மிக்ஸி சத்தத்துக்குள் அமுங்கியது. "அவரிட்டச் சொல்லேல்ல. ஆருக்குமே சொல்லேல்ல. உங்களிட்ட மட்டும்தான். எனக்கு இதை வச்சுக்கொண்டு மூச்செடுக்க ஏலாமக் கிடக்கு. நீங்க கும்பிடுறனீங்கதானே. என்ரை பிள்ளைக்காகக் கும்பிடுங்கோ. ஆனா ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா."

"சொல்லமாட்டேன் மலரு. நான் இன்னாத்துக்கு சொல்லப்போறேன்?"

ரயிலில் திரும்பும்போது அவள் எண்ணூர்க் கழிமுகத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டாள். கடல் என்றால் என்ன என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளுடைய கணவன் அந்தோணி விசைப்படகில் போனவன். ஒருமுறை நடுக்கடலில் எஞ்சின் நின்று, படகு நீரோட்டத்தோடு போய், கரையில் எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள். அப்போது அவள் செய்தது ஒன்றுதான். பங்குச் சாமியாரின் காலில் விழாத குறையாய்க் கேட்டு, அந்தோணியின் பெயரைச் சொல்லி ஒவ்வொரு பூசையிலும் மன்றாடவைத்தாள். கோயிலே சேர்ந்து சொன்னது: ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும். ஆந்திரக் கரைப் பக்கம் வேறொரு படகு அவனைக் கண்டெடுத்தது. உதடு வெடித்து, ஆளே பாதியாய் வந்தான். அதன் பிறகு அவன் கடலுக்குப் போகவில்லை. குடியில் விழுந்து சில வருஷத்தில் போய்ச்சேர்ந்தான். ஆனாலும் கடலிலிருந்து திரும்பி வந்தான். ஒருத்தி கேட்டிருந்தால் வந்திருக்கமாட்டான், ஊரே கேட்டதால் வந்தான் என்பது அவளுடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையை யாரும் அவளிடமிருந்து பிடுங்கமுடியாது.

அதனால் நிரோஷனுக்காகத் தனியாக ஜெபம் சொன்னபோதெல்லாம் அது கூரைக்கு மேல் ஏறாதது போல இருந்தது.

அந்த வாரம் அன்பியக் கூட்டம் அவள் வீட்டில். ஒரு தெருவில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் முறைவைத்து வீட்டுக்கு வீடு கூடுவார்கள். பாட்டு, வாசகம், பிறகு ஆளுக்கொரு மன்றாட்டு, கடைசியில் டீ. தலைவி ஆக்னஸ் டீச்சர், ஓய்வுபெற்றவர், நல்ல மனசுக்காரர், எதையும் விட்டுப்போகவிடமாட்டார். சிலுவையம்மாள் கொண்டைக்கடலை சுண்டல் செய்து மூடிவைத்திருந்தாள். ஒருத்தி மகளின் பிரசவத்துக்காக மன்றாடினாள். ஒருவர் மருமகனின் வேலைக்காக. ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் சேர்ந்து பதில் சொன்னார்கள். சுற்று அவளிடம் வந்தது.

"சிலுவ, உன் வூட்ல கூடிகினு நீயே சும்மா கீறியே. சொல்லும்மா" என்றார் டீச்சர்.

அவள் சொன்னாள். பெயரைச் சொல்லவில்லை. அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்றதைச் சொன்னாள். "நான் போற முகாம்ல ஒரு புள்ள கீறான். பெயிண்டு அடிக்கிற புள்ள. போட்டு ஏறி கடல் தாண்டிப் போவப் போறான். அவனுக்கும் கூடப் போறவங்களுக்கும் ஒண்ணும் ஆவக்கூடாது ஆண்டவரே." சொல்லும்போதே அவளுக்குள் இன்னொரு குரல் ஓடியது: போகவேண்டாம், போகவிடாதே. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோரும் பதில் சொன்னார்கள். சுண்டல் நன்றாக இருந்தது என்றார்கள். அன்றிரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் மன்றாட்டுகளை வாசிக்கும் முறை ஒவ்வொரு வாரமும் ஒரு அன்பியத்துக்கு. அந்த ஞாயிறு அவர்களுடைய தெருவின் முறை. இது அவளுக்குத் தெரியும்; தெரிந்தும் தோன்றவில்லை. ஞாயிறு மார்க்கெட் கூட்டத்தில் இடுப்பு ஒடிய வெட்டிவிட்டு, மாலைப் பூசைக்கு வந்து தூணோரமாய் உட்கார்ந்திருந்தாள். ஆக்னஸ் டீச்சர் மைக்குக்கு முன் வந்து நின்றார். திருத்தந்தைக்காக, நாட்டுத் தலைவர்களுக்காக, மீனவர்களுக்காக. பிறகு பாடம் நடத்திய அந்தத் தெளிவான குரலில்:

"நம் பகுதியின் அகதிகள் முகாமிலிருந்து விரைவில் படகில் கடல் கடந்து செல்லவிருக்கும் இளம் சகோதரருக்காகவும், அவரோடு பயணம் செய்வோருக்காகவும் உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில். சிலுவையம்மாளின் வாயும் சொன்னது. வருஷக்கணக்காய்ச் சொல்லிப் பழகிய வாய். சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது கருத்தில் ஏறியது. பீடத்துக்குப் பக்கத்தில், கொரோனா காலத்தில் வாங்கிய கேமரா அதன் காலில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் யூட்யூபுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதன் சிவப்பு விளக்கையே அவள் பூசை முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களோடு வரிசையில் போய் நன்மை அப்பம் வாங்க எழுந்திருக்கவில்லை.

வெளியே டீச்சர் பூரிப்போடு கையைப் பிடித்தார். "பாத்தியா, உன் மன்றாட்ட விடல. எவ்ளோ பேர் சேர்ந்து வேண்டினாங்க."

"டீச்சர், அத்த... அத்த ஏன் மைக்ல..." என்றாள்.

"ஏம்மா, நீதானே சொன்ன?"

ஆமாம், அவள்தான் சொன்னாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் ரயில் ஏறினாள். கதவைத் திறந்தது நிரோஷன். வேலைக்குப் போகாமல் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். மூக்கிலும் புருவத்திலும் வெள்ளை.

"வாங்க ஆன்ட்டி. ஊருக்கெல்லாம் கலரடிச்சுக் குடுத்தேன், எங்கூடு மட்டும் கலீஜா கீதுன்னு அம்மா ஒரே பேஜாரு" என்று அவளுடைய பாஷையில் சொல்லிக் கண்ணடித்தான். போகிறவன் வீட்டை வெள்ளையடித்து வைத்துவிட்டுப் போகிறான். தவமலர் அவளைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தாள். இவளுக்குத் தெரியும் என்கிற ஆறுதலில் ஒரு அசைப்பு. சிலுவையம்மாள் கனகரத்தினத்தின் காலை ஊறவைத்தாள், நகத்தை வெட்டினாள், தேநீரைக் குடித்தாள், கருப்பட்டியைப் பையில் போட்டுக்கொண்டாள். சொல்லவில்லை. ஒருவேளை யாருமே கவனித்திருக்கமாட்டார்கள். மன்றாட்டை யார் காதில் வாங்குகிறார்கள், அவளே வாங்குவதில்லையே.

ஞாயிறு விடிவதற்குள் போலீஸ் முகாமுக்கு வந்தது. நிரோஷனையும் இன்னும் சிலரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏஜென்ட் கடலோரத்தில் எங்கோ முன்பே பிடிபட்டான் என்றது ஒரு பேச்சு. முகாமுக்குள்ளேயே யாரோ காட்டிக்கொடுத்தார்கள் என்றது இன்னொன்று. நிரோஷனைத் தெற்கே வேறொரு ஊரில், கம்பி போட்ட தனி முகாமில் வைத்திருக்கிறார்கள், எப்போது விடுவார்கள் என்று தெரியாது. சிலுவையம்மாளுக்கு இதெல்லாம் செவ்வாய்க்கிழமை சிஸ்டர் சொல்லித் தெரிந்தது. சிஸ்டருக்கு மன்றாட்டு விஷயம் தெரியாது. யாருக்குமே அது ஒரு விஷயமாகப் படவில்லை. அவள் பேசாமல் இருந்துவிட்டால், அது கோயிலோடு போய்விடும்.

ஆக்னஸ் டீச்சர் மட்டும் மார்க்கெட்டுக்கே தேடி வந்தார். சங்கரா மீன் வாங்கி அவளிடம் வெட்டக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கடவுள் காப்பாத்திட்டாரும்மா. அந்தப் போட்டு போயிருந்தா இன்னா ஆயிருக்கும்? ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு வேண்டின, ஒண்ணும் ஆவல. மன்றாட்டு கேக்கப்பட்டுச்சு."

சிலுவையம்மாள் செதிலைச் சீவிக்கொண்டே இருந்தாள். பிறகு தலை நிமிராமல், "அப்ப அத்த வந்து அவுங்கம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா டீச்சர்?" என்றாள்.

டீச்சர் மீனை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"யாரு மேல கோவம் உனக்கு?" என்றாள் தாயம்மா. "டீச்சர் மேலயா, உன் மேலயா, மேல கீறவர் மேலயா?"

"சும்மா கெட."

ஆனால் டீச்சர் சொன்னது முள்ளாய் உள்ளே நின்றது. போகவிடாதே என்று அவளும்தானே உள்ளுக்குள் கேட்டாள்? அந்த ஞாயிற்றுக்கிழமை மைக்கில் கேட்டது அவள் வாயால் சொன்னது; நடந்ததோ அவள் உள்ளுக்குள் சொன்னது. அவன் உயிரோடு இருக்கிறான் என்று ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த கணம் அந்தக் குளிர்ச்சிக்காகவே தன் கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. பாவசங்கீர்த்தனத் தொட்டிவரை போய்த் திரும்பினாள். சாமியாரிடம் சொன்னால் மன்னிப்புக் கிடைத்துவிடும். அவ்வளவு எளிதாகக் கிடைப்பது அப்போது அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தவமலர் அடுப்பு மூலையில் உட்கார்ந்திருந்தாள். சுவரெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. சிலுவையம்மாள் மிக்ஸியைப் போடச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னாள். அன்பியம், டீச்சர், மைக்கு, கேமரா. போலீஸ் வந்தது அதனால்தான் என்று தெரியாது, இல்லையென்றும் தெரியாது.

தவமலர் அவள் சொல்லி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கோயில்ல எத்தனை பேர் இருந்தவை?"

"ரொம்பி இருந்துச்சு மலரு."

"எல்லாரும் என்ன சொன்னவை?"

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்னு."

"நீங்களும் சொன்னனீங்களோ?"

"ஆமா."

தவமலர் எழுந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் சிலுவையம்மாளுக்குப் பக்கத்தில் போக ஒரு வழி இருந்திருக்கும். "நான் உங்களைக் கும்பிடத்தானே சொன்னனான் அக்கா. நீங்க கும்பிட்டிருக்கிறீங்க. வேற என்ன?" என்றாள். வாசலுக்கு வந்து கதவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "இனி வராதேங்கோ."

கட்டிலிலிருந்து கனகரத்தினம் சிலுவையம்மாளைப் பார்த்ததும் பழக்கத்தில் ஒரு காலை நீட்டினார். அவள் அந்தக் காலைத் தாண்டித்தான் வெளியே போகவேண்டியிருந்தது.

வராதே என்றாலும் அவள் முகாமுக்குப் போகாமல் இருக்கவில்லை. அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் போகவில்லை. மற்ற வரிசைகளில் கிழவர்களும் கிழவிகளும் இருந்தார்கள், அவர்களுக்கும் கால்கள் இருந்தன. விஷயம் முகாமுக்குள் பரவியிருந்தது. தவமலர்தான் சொன்னாளோ, சுவர்தான் சொன்னதோ. சிலர் அவளைக் கண்டதும் காலை இழுத்துக்கொண்டார்கள். "இவவுக்கு முன்னால வாய் திறக்காதேங்கோ" என்று ஒரு பெண் அவள் காதுபடவே சொன்னாள். சிலுவையம்மாள் காலை நீட்டியவர்களுக்கு வெட்டினாள். கோயிலில் மன்றாட்டு நேரம் வந்தால் உதட்டை இறுக்கிக்கொண்டாள். அன்பியக் கூட்டத்தில் சுற்று அவளிடம் வந்தால், "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று அடுத்தவளுக்குத் தள்ளிவிட்டாள். உண்மையில் அவளிடம் வேண்டுதல் ஒன்றுதான் இருந்தது. அதை எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

கனகரத்தினத்துக்கு இப்போது ஒரு சொல் மட்டும் திரும்பியிருக்கிறது என்று அடுத்த வீட்டுக் கிழவி சொன்னாள். தம்பி. மகனை அந்த வீட்டில் கூப்பிடும் பெயர்; நாள் முழுக்க அதையே கேட்கிறாராம். மகன் கேரளாவில் பெயிண்ட் வேலைக்குப் போயிருக்கிறான் என்று தவமலர் சொல்லிவைத்திருக்கிறாளாம். "இதையும் போய்ப் பூசையில சொல்லிப்போடாதை" என்றாள் கிழவி. நகம் வெட்டக் கொடுத்திருந்த காலை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. சேறு தாண்டி அந்த வரிசை வழியாக, பார்க்காமல் கடந்துவிடலாம் என்று தலை குனிந்து வந்தவள் நின்றுவிட்டாள். தவமலர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. கனகரத்தினம் உட்காரவைக்கப்பட்டிருந்தார். அவர் முன்னால் ஒரு பேசின். இரண்டு காலும் அதற்குள். கதவு சாத்தியிருந்தது.

சிலுவையம்மாள் குனிந்து நீரில் விரலை விட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. ஊற்றி அதிக நேரம் ஆகியிருக்காது. விரலை நாக்கில் வைத்தாள். உப்பும் போட்டிருந்தது.

கதவைத் தட்டவில்லை. "மலரு" என்று கூப்பிடவும் இல்லை. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து, துண்டை மடியில் விரித்து, ஒரு காலை எடுத்து வைத்துக்கொண்டாள். நகம் ஆரம்பத்தில் பார்த்தது போலவே வளைந்து, சதையைத் தொட்டுக்கொண்டு நின்றது. மெல்ல மெல்லக் கிள்ளினாள். உள்ளே ஏதோ பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கனகரத்தினம் அவள் முகத்தைப் பார்த்தார். வாய் கோணி, எச்சில் வழிய, "தம்பி?" என்றார்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"கேரளாவுல கீறான் அண்ணே" என்றாள் சிலுவையம்மாள். "பெரிய பில்டிங்காம். அங்க ஒரே மழையாம். மழ வுட்டாத்தான் வேல முடியுமாம்."

அவர் கொஞ்ச நேரம் அதை யோசித்தார்.  அவள் ஒரு காலைத் துடைத்து இறக்கிவிட்டு மற்றதை எடுத்தாள்.

"தம்பி?" என்றார் மறுபடியும்.

அவள் மறுபடியும் சொன்னாள். கேரளா, பெரிய கட்டடம், மழை. ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை.